சபையில் அப்பா போட்ட சத்தம்

கண்ணா,

இன்று காலை எழுந்ததும், காபிக்குத் தண்ணீர்கூட வைக்காமல், உன் அப்பாவின் தலைப்பாகையை ஊறவைத்தேன். சிரிக்காதே, தலைப்பாகைதான். உன் கல்யாணத்துக்கென்று பீரோவில் பூச்சியுருண்டை போட்டு வைத்திருந்த மயில்கண் அங்கவஸ்திரம் நேற்று டாலிகஞ்ச் ஸ்டூடியோவில் ஒரு நாள் முழுக்க அவர் தலையில் உட்கார்ந்திருந்தது. நெற்றியில் படுகிற இடமெல்லாம் மேக்கப்பின் பழுப்பு. சோப்புப் போட்டால் ஜரிகை கறுத்துவிடுமோ என்று பயந்து, நீ விட்டுவிட்டுப் போன ஷாம்பூவைக் கரைத்து முக்கி வைத்திருக்கிறேன். அப்பா லேக் மார்க்கெட்டுக்குக் கறிகாய் வாங்கப் போயிருக்கிறார். போனால் சீக்கிரம் வரமாட்டார் என்று உனக்குத் தெரியும். அதற்குள் இதை எழுதிவிட வேண்டும். போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ கூப்பிட்ட உடனேயே அவர் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். அப்புறம் நாம் மூன்று பேரும் வானிலையைப் பற்றித்தான் பேசுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் நங்கநல்லூர் வீட்டுக்காரருக்கு நீ பதில் சொல்ல வேண்டும். வருகிற பங்குனியில் அப்பா ரிட்டயர் ஆகிறார், சித்திரையில் நாங்கள் அங்கே வந்துவிடுகிறோம் என்பது ஏற்பாடு. நீ வீடியோவில் ஒவ்வொரு அறையாகக் காட்டியபோது பார்த்தேன். கோயில் மணி கேட்கிறது, பால்கனியில் துளசிக்கு இடம் இருக்கிறது, எனக்கு முட்டி வலி என்று லிஃப்ட் இருக்கிற கட்டடமாகப் பார்த்திருக்கிறாய். இவ்வளவு சின்ன வயதில் உனக்கு இவ்வளவு பொறுப்பு எங்கிருந்து வந்தது என்று நினைத்துக்கொண்டேன். "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாய். "ரொம்ப நன்னா இருக்குடா" என்றேன். வீடு நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னேன். நீ அதை வருகிறேன் என்று எடுத்துக்கொண்டாய். அதில் உன் தப்பு ஒன்றுமில்லை. சந்தோஷமாக இருக்கிற பிள்ளையின் முகத்தைப் பார்த்து வேறு எதையும் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

முதலில் நேற்றைய கதையைச் சொல்கிறேன். நம் நாட்டின் சட்டத்தை எழுதிய காலத்தில் சபையைக் கட்டி இழுத்துச் சென்ற ஒரு பெரிய தலைவரைப் பற்றி இங்கே கல்கத்தாவில் ஒரு தொடர் எடுக்கிறார்கள். யார் என்று வெளியே சொல்லக்கூடாதென்று எங்களிடம் உறுதி வாங்கியிருக்கிறார்கள். உன் பள்ளிக்கூட மாடிப்படி ஏறும் இடத்தில் அவர் படம் மாட்டியிருக்கும், அது போதும். சபை என்றால் எல்லா மாகாணத்து உறுப்பினர்களும் வேண்டுமே. தெற்கத்திய உறுப்பினர்களுக்கு முகம் தேடி அவர்கள் நம் தமிழ்ச் சங்கத்துக்கே வந்துவிட்டார்கள். செயலாளர் வெங்கிட்டு மாமா வீடு வீடாகப் போன் போட்டார். "ஓய், உம்மைப் போல ஒரு முகம் மேக்கப்மேனால பண்ண முடியாதாம். வேஷ்டியோட வாரும்" என்று அப்பாவிடம் சொன்னார். நாற்பது வருஷம் வங்கியில் உட்கார்ந்த மனுஷன், "நாடகமாவது கூத்தாவது" என்று போனை வைத்தார். பத்து நிமிஷத்தில் கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தார். சபையில் பெண் உறுப்பினர்களும் இருந்தார்களாம். அதனால் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

தலைப்பாகைதான் பெரிய பாடாகிவிட்டது. சங்கத்தில் ஒருவருக்கும் கட்டத் தெரியவில்லை. எல்லோரும் ஹாலில் வட்டமாக உட்கார்ந்து வெங்கிட்டு மாமாவின் போனில் ஒரு வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கட்டிக்கொண்டார்கள். வீடியோவில் வந்தவன் மைசூர்க்காரன் என்று பாதியில்தான் தெரிந்தது. "பரவாயில்லை, அதுவும் தெற்குதானே" என்று மாமா தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஸ்டூடியோவிலோ காஸ்ட்யூம் ஆள் எல்லோருக்கும் வங்காளி பாணியில் முன்னால் விசிறி மடிப்பு வைத்து வேஷ்டி கட்டிவிட்டான். மாமா கொதித்துப்போய் ஒவ்வொருவருக்கும் அவிழ்த்துப் பஞ்சகச்சமாக மாற்றினார். அப்பாவின் மூக்குக்கண்ணாடி வெயிலில் கறுக்கிற ரகம். அது அந்தக் காலத்தில் கிடையாது என்று பிடுங்கிக்கொண்டு, கண்ணாடியே இல்லாத வட்டச் சட்டம் ஒன்றை மாட்டிவிட்டார்கள். அதோடு அவர் என்னைக்கூட அடையாளம் தெரியாமல், "மாமி, கொஞ்சம் நகர்ந்துக்கறேளா?" என்று கேட்டார்.

எனக்கு மூன்றாவது வரிசை. கதர்ப்புடவை, கையில் ஒரு வெற்றுக் கோப்பு. உதவி இயக்குநர் ஜும்பா என்று ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும். தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, காதில் மைக் மாட்டிக்கொண்டு, எல்லோரையும் காகு, காகிமா என்று சித்தப்பா சித்தி முறை வைத்துக் கூப்பிட்டு ஓடிக்கொண்டிருந்தாள். ஓட்டெடுப்புக் காட்சியில் நான் எந்தப் பக்கம் கை தூக்க வேண்டும் என்று அவளிடம் கேட்டேன். "அதெல்லாம் யோசிக்காதீங்க காகிமா, பக்கத்துல இருக்கறவங்களப் பாருங்க. அவங்க தூக்கினா தூக்குங்க" என்றாள். அப்படியே செய்தேன். ரொம்ப இயல்பாக வந்தது என்று பாராட்டினாள்.

மத்தியானத்துக்கு முன்னால் மொழி விவாதக் காட்சி. சபைக்கு எந்த மொழி என்று சண்டை வருகிறது. எதிர்ப்பக்கத்து உறுப்பினராக நடித்தவர் எழுந்து, இந்த மொழி தெரியாதவர்களுக்கு இந்தச் சபையில் என்ன வேலை, அவரவர் ஊருக்குப் போகலாமே என்று பேச வேண்டும். உடனே தெற்கத்திய வரிசை கொதித்து எழ வேண்டும். தலைவர் மேடையிலிருந்து பதில் சொல்லமாட்டார், கீழே இறங்கி வந்து இவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் கேட்பார். பெரும்பான்மை ஓட்டு அவர் கையில் இருந்தாலும் அன்று எண்ணவிடமாட்டார். அந்தக் காட்சியை எழுதியவருக்கு ஒரு கும்பிடு போட வேண்டும் போலிருந்தது. ஜும்பா வந்து நம்மவர்களிடம், "உங்க மொழியில கத்துங்க காகு. எங்களுக்குப் புரியவே வேண்டாம். கோபம் மட்டும் இருந்தா போதும்" என்றாள்.

என்ன கத்துவது என்று அங்கேயே ஒரு சபை கூடியது. ஒருத்தர் "ஒழிக" என்றார். "சட்டசபையில உட்கார்ந்துண்டு ஒழிகன்னு கத்துவாளா? மரியாதை வேண்டாமா?" என்று அப்பா கடிந்துகொண்டார். கடைசியில் "கூடாது, ஏற்க மாட்டோம்" என்று முடிவாயிற்று. ஒத்திகையில் அதைச் சொல்லிப் பார்த்தார்கள். கல்யாண வீட்டில் ரசம் வேண்டாம் என்று சொல்கிற மாதிரி இருந்தது.

பிறகு விளக்கெல்லாம் போட்டு, ஃபேனை நிறுத்தி, நிஜமாக எடுக்க ஆரம்பித்தார்கள். எதிர்ப்பக்கத்தவர் நல்ல நடிகர். "உங்கள் ஊருக்குப் போங்கள்" என்பதைச் சொல்லும்போது விரலை நேராக அப்பாவை நோக்கி நீட்டினார். அவ்வளவுதான். உன் அப்பா பெஞ்சிலிருந்து எம்பி, முஷ்டியை உயர்த்தி, தொண்டை நரம்பு புடைக்க ஒரு குரல் கொடுத்தார் பார். "சோல்பே நா! சோல்பே நா!"

வங்காளத்தில், கண்ணா! இந்த ஊரில் பஸ் கட்டணம் ஏறினாலும், ஆலை மூடினாலும், வேறு எது நடந்தாலும் ஊர்வலத்தில் கேட்கிற அதே நடக்காது, நடக்காது! உடனே வெங்கிட்டு மாமா எழுந்தார். அவருக்குப் பின்னால் வரிசை முழுக்க எழுந்தது. தலைப்பாகையும் பஞ்சகச்சமுமாகப் பன்னிரண்டு பதின்மூன்று பேர், மேசையைத் தட்டிக்கொண்டு, ஒரே தாளத்தில் "சோல்பே நா!" மேலே விளக்குப் பிடித்துக்கொண்டிருந்த ஆட்கள் தங்களை மறந்து பதில் கோஷம் போட்டார்கள். இயக்குநர் "கட்" என்று சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. தலைவராக நடித்தவர் மேடையில் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். ஜும்பா ஓடிவந்து, "காகு, நீங்க மதராஸ் மெம்பர்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்பா சுற்றிலும் பார்த்தார். அந்த வட்டச் சட்டத்தில் கண்ணாடி இல்லாததால் யார் சிரிக்கிறார்கள் என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்காது. "இன்னொரு தடவை எடுத்துடலாம்" என்றார், சின்னக் குரலில்.

இன்னொரு தடவை எடுத்தார்கள். "கூடாது" என்று சரியாகச் சொன்னார்கள். கோபம்தான் வரவில்லை. கடைசியில் இயக்குநர், முதலில் எடுத்ததையே வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். "முகம் இதுதான் வேணும். குரலைச் சென்னையில வேற ஆளுங்களை வச்சுப் போட்டுக்கலாம்" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அப்பா அதைக் கேட்டபோது அவர் முகத்தை நான் பார்த்தேன்.

இந்த இடத்தில் உனக்கு நம் சாப்பாட்டு மேசை ஞாபகம் வந்திருக்கும். தட்டின் முன் உட்கார்ந்தால் தமிழைத் தவிர வேறு பேச்சு வரக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடிவிட்டு வந்து "அம்மா, ஜல்" என்று நீ கேட்டால் டம்ளர் வராது. நீ அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாய். எழுந்து சமையலறை வாசல்வரை வருவாய். அங்கே அவர் சட்டம் செல்லாது. பள்ளிக்கூடத்தில் நடந்தது எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் வங்காளத்தில் என்னிடம் கொட்டுவாய். பிறகு போய் உட்கார்ந்து, "அப்பா, எனக்கு இன்னும் கொஞ்சம் பொரியல் வேண்டும்" என்று ரேடியோவில் செய்தி வாசிப்பவர் மாதிரி கேட்பாய். அப்பா பூரித்துப்போவார். இன்று சென்னையில் நீ "செம", "மாஸ்" என்று பேசுகிறாய். அந்த மேசை இல்லாவிட்டால் அதுவும் வந்திருக்காது. அதனால் அவர் சட்டத்தை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் ஒன்றை யோசித்துப் பார். நான் திருச்சியில் பிறந்து, பி.ஏ. சரித்திரம் முடித்த கையோடு கல்யாணமாகி இங்கே வந்தவள். உன் அப்பா இங்கேயே, பவானிபூரில் பிறந்தவர். "ஊருக்குப் போய்விட வேண்டும்" என்று வருஷா வருஷம் சொல்வது அவர்தான், நான் இல்லை. போன மார்கழியில் உன்னைப் பார்க்க வந்தோமே, அப்போது நீ ஆபீஸ் போயிருந்த ஒரு நாள் நாங்கள் ஆட்டோவில் மயிலாப்பூர் போனோம். ஆட்டோக்காரர் நல்லவர், பேச்சுக்கொடுத்தார். "எந்த ஊர் சார்?" என்றார். அப்பா "கல்கத்தா" என்றார். "அட, தமிழ் சூப்பரா பேசறீங்களே சார்!" என்றார் அவர். அன்று முழுக்க அப்பா வாயே திறக்கவில்லை. தலைவலி என்று உன்னிடம் சொன்னது பொய்.

ஸ்டூடியோவில் சாப்பாட்டு இடைவேளையில் நாங்கள் கொண்டுபோன தயிர்சாதத்தைப் பிரித்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தோம். தலைவராக நடித்தவர் தன் தட்டை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். மேடை நாடகக்காரராம், எளிமையான மனுஷர். பெரிய மீசையை மட்டும் கழற்றி மேல்துண்டில் குத்திவைத்திருந்தார். "தாதா, இன்னிக்கு நீங்கதான் ஹீரோ" என்று அண்ணன் முறை வைத்து அப்பாவின் தோளில் தட்டினார். அப்பாவுக்கு வெட்கம். எத்தனை வருஷமாக இங்கே என்று அவர் கேட்டார். பிறந்ததிலிருந்தே என்றார் அப்பா. "அப்புறம் என்ன, நீங்க எங்க ஆள்!" என்று சிரித்தார். அப்பா அவசரமாக, "இல்லை இல்லை, அடுத்த வருஷம் போயிடறோம். பையன் மெட்ராஸ்ல வீடு பார்த்து வச்சிருக்கான்" என்றார். அவர் சொன்ன பெருமையை நீ கேட்டிருக்க வேண்டும்.

அந்த மனுஷர் என் பக்கம் திரும்பினார். அண்ணியைக் கூப்பிடுகிற முறையில், "பௌதி, நீங்களும் போறீங்களா?" என்றார்.

சாதாரணமாகத்தான் கேட்டார். மரியாதைக்குக் கேட்கிற கேள்வி. எனக்குக் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றுவிட்டது. இந்த ஒரு வருஷத்தில் இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நீ எந்த மாடி வேண்டும் என்று கேட்டாய், பூஜை அறை கிழக்கே இருந்தால் போதுமா என்று கேட்டாய், கிரைண்டரைக் கொண்டுவருகிறாயா இங்கே வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டாய். போகிறாயா என்று கேட்டது, பொய் மீசையைத் தோளில் குத்திக்கொண்டிருந்த ஒரு அந்நியர். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா, "அவளும்தான்" என்று சொல்லிவிட்டு, என் தட்டில் ஒரு மாவடுவை வைத்தார். அவருக்குக் கிடைத்ததில் பெரிய மாவடு. கவனி, கண்ணா, உன் அப்பாவின் அன்பில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

மெட்ரோவில் திரும்பி வரும்போது அவர் காதோரம் இன்னும் மேக்கப் இருந்தது. காளிகாட்டில் கூட்டம் இறங்கியது. பிறகு, "நான் ஏன் அப்படிக் கத்தினேன்?" என்றார்.

"கோபம் வந்தது. கத்தினேள்."

"கோபம் வந்தா தமிழ்னா வரணும்?"

"நமக்குக் கோபமெல்லாம் இந்த ஊர்லதானே வந்திருக்கு" என்றேன்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சுரங்கத்தில் பார்க்க என்ன இருக்கிறது? "இதை அவன்கிட்ட சொல்லிண்டிருக்காதே" என்றார். சொல்லிவிட்டேன். நீ அவரிடம் காட்டிக்கொள்ளாதே. தொடர் வந்தால் அந்தக் காட்சியில் அவர் வாயை மட்டும் பார். காதில் வேறு யாரோ கத்துவார்கள்.

உனக்கு நான் அறிவுரை சொல்கிற அம்மா இல்லை. ஒன்றே ஒன்று. நாளைக்கு உன் வீட்டுக்கு ஒரு பெண் வருவாள். அவளுக்குப் பிடித்த மாதிரி எல்லாவற்றையும் நீயே செய்துவைப்பாய், அது உன் சுபாவம். செய்துவைத்துவிட்டுக் காட்டாதே, முதலில் கேள். கேட்டுவிட்டு, அவள் பதிலை யோசித்து முடிக்கும்வரை காத்திரு. பெரும்பான்மை உன் பக்கம் இருக்கிற நாளில் இன்னும் கொஞ்சம் கூடவே காத்திரு. நம் வீட்டில் மூன்று ஓட்டு. இரண்டு விழுந்துவிட்டது என்பதால் மூன்றாவதை யாரும் எண்ணவில்லை. நீங்கள் இரண்டு பேரும் எண்ணாமல் விட்டது ஒரு பங்கு தப்பு என்றால், என் ஓட்டு எந்தப் பக்கம் என்று நான் சொல்லாமல் இருந்தது இரண்டு பங்கு.

என்னைப் பற்றி உனக்குத் தெரியாத சிலது சொல்கிறேன். பள்ளிக்கூட நூலகத்தில் நான் பார்க்கும் வேலையை நீ "அம்மா பொழுதுபோக்குக்குப் போகிறாள்" என்று உன் நண்பர்களிடம் சொல்வாய். அப்பா ரிட்டயர் ஆகிறார் என்றால் எல்லோரும் சேர்ந்து ரிட்டயர் ஆகிறோம் என்று நீங்கள் நினைத்துவிட்டீர்கள். எனக்கு நாற்பத்தேழு வயதுதான் ஆகிறது. வந்த புதிதில் டிராமில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயர்களைப் பார்த்து எழுத்துக்கூட்டி வங்காளம் படித்தவள் நான். இன்று ஆறாம் வகுப்புப் பெண்கள் மத்தியான மணி அடித்ததும் ஓடிவந்து, பேய்க்கதை வாசித்துக் காட்டச் சொல்லி என்னைச் சுற்றி உட்காருகிறார்கள். உச்சரிப்பில் தப்பு வந்தால் திருத்துகிறார்கள், நான் பேயின் குரலை மாற்றினால் கத்துகிறார்கள். திருச்சியில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. இங்கே நான் தெருவில் நடந்தால் மூன்று இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. இதை இழப்பதற்கு எனக்கு ஒரு காரணம் வேண்டும். நீ ஒரு நல்ல காரணம்தான். உன்னைப் பார்க்காமல் இருப்பது எனக்கு எளிது என்று நினைத்துக்கொள்ளாதே. உன் அறைக் கதவை இன்னும் நான் முழுக்கச் சாத்துவதில்லை. ஆனால் நீ வளர்ந்துவிட்டாய். உனக்கு இப்போது வேண்டியது உன்னோடு இருக்கிற அம்மாவா, நன்றாக இருக்கிற அம்மாவா என்று எனக்குள் கேட்டுப் பார்த்தேன்.

அப்பா என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியாது. நேற்றுச் சாயங்காலத்திலிருந்து அவர் பேச்சில் நங்கநல்லூர் வரவில்லை. அதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அவரைத் தனியாகக் கேள், ஸ்பீக்கரை அணைக்கச் சொல்லிக் கேள். அந்தக் கோயிலும் மணியும் அவருக்கு வேண்டும் என்றால் வீட்டை எடு, அவரை நன்றாக வைத்துக்கொள், ரசத்தில் புளியைக் குறை. அவருக்காக நான் பதில் சொல்லப்போவதில்லை. பூஜை விடுமுறையிலும் கோடை விடுமுறையிலும் நான் வந்து உங்கள் இருவரோடும் இருப்பேன், ஒரு நாள்கூடக் குறையாமல். மற்ற நாட்களில் நான் கல்கத்தாவில்தான் இருக்கப்போகிறேன். அவர் உன்னோடு வந்தாலும்.

அம்மா